ஆறு முறை செத்த என்ஜின்

அண்ணி கார் ஓட்டினால் பக்கத்தில் உட்காரும் கொழுந்தன் கிளட்சின் வலது கால் சும்மா இருக்காது. டிரைவிங் ஸ்கூலில் பன்னிரண்டு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டிய காரை நிறுத்தியே பழகிய கால் அது. ஸ்கூலை இழுத்து மூடிய பிறகும் பழக்கம் போகவில்லை. இல்லாத பிரேக்கை அவன் மிதித்து மிதித்து, அண்ணியின் காரில் அந்தப் பக்கத்து விரிப்பு மட்டும் ஓட்டையாகியிருந்தது.

"தம்பி, அது லாரி இல்ல. லாரியோட நிழல்" என்றார் அண்ணி.

"நிழலுக்குப் பின்னாடி லாரியும் வரும் அண்ணி. எனக்குத் தெரிஞ்சு அது தனியா வந்ததே இல்ல."

அண்ணி என்றால் கிளட்சின் சொந்த அண்ணன் மனைவிதான். இருபத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். "டிக்கெட் பையில இருக்கு" என்று சொல்கிறவரின் கண் முதலில் பைக்குப் போகிறதா, கதவுக்குப் போகிறதா என்று பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வீட்டில் டிவி ரிமோட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்த கொழுந்தனைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். கிளட்ச் என்ற பெயர் டிரைவிங் ஸ்கூலில் வைத்தது. அங்கே ஒரு நாளைக்கு நூறு தடவை அவன் கத்திய ஒரே சொல் அது.

அன்று அவர்களைக் கூப்பிட்டிருந்தது ஒரு தொழிற்சாலை. கார் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ளே உட்காருகிற சென்சார்களையும், அந்தச் சென்சார்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கிற எலக்ட்ரானிக் பெட்டிகளையும் அங்கே செய்தார்கள். அந்த வேலைக்கெல்லாம் தலைவர், நாற்பது பொறியாளர்களை மேய்க்கிற தலைமைப் பொறியாளர். தொழிற்சாலையில் அவருக்குப் பெரிய சார் என்று பெயர்.

பெரிய சார் அறையின் நடுவில், இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அடி ஸ்கேலை நட்டு வைத்ததுபோல் நின்றிருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தார். முதலில் நாற்காலியின் கையைப் பிடித்தார். அப்புறம் மூச்சைப் பிடித்தார். அதற்கப்புறம்தான் இறங்கினார்.

"இது கோளாறு இல்ல மேடம். சதி" என்றார்.

அவர் பேனா கீழே விழுந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு அது தன் பேனாவே இல்லை என்பதுபோல் மேஜையிலிருந்து வேறு ஒன்றை எடுத்துக்கொண்டார். அண்ணி குனிந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. என்ஜின் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

பெரிய சாருக்கு அது பிடித்த வேலை. முகம் கொஞ்சம் தெளிந்தது. "என்ஜின் தண்டோட கடைசியில ஒரு பல் சக்கரம் இருக்கு. அது சுத்தும்போது பக்கத்துலயே உட்கார்ந்து பல்லை எண்ணிக்கிட்டே இருக்கும் எங்க சென்சார். எண்ணினதைப் பெட்டிக்குச் சொல்லும். அதை வச்சுத்தான் எப்போ எரிபொருள் குடுக்கணும், எப்போ பொறி தட்டணும்னு பெட்டி முடிவு பண்ணும்."

"சென்சார் தப்பா எண்ணினா?"

"பெட்டி குழம்பிடும். என்ஜின் நின்னுடும்."

"எங்க வீட்டு நிலவரம்தான் சார்" என்றான் கிளட்ச். "அண்ணி சொல்றதை வச்சுத்தான் எங்க அண்ணன் ஓடிக்கிட்டிருக்கார்."

அண்ணி அவனைப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைப் பார்க்கிற அதே பார்வை. கிளட்ச் சுவரிலிருந்த தீயணைப்புக் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தான்.

பெரிய சார் தொடர்ந்தார். புதிய சென்சார், இரண்டு வருட உழைப்பு. சோதனை அறையில் ஒரு என்ஜினில் மாட்டி இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறார்கள். இந்த மூன்று வாரத்தில் ஆறு தடவை என்ஜின் செத்துவிட்டது. ஆறு தடவையும் செவ்வாய் அல்லது வெள்ளி, காலை பதினோரு மணி. அவர் பார்வையிடப் போகிற நேரம்.

"நான் உள்ள போய் ரெண்டு நிமிஷம் நின்னா போதும், என்ஜின் இருமிட்டு நின்னுடும். கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தா மறுபடி ஓடும். சென்சாரைக் கழட்டிப் பார்த்தா ஒரு குறையும் இல்ல. என் கண்ணு முன்னாடி நடக்கணும்னே யாரோ நேரம் பார்த்துச் செய்யறாங்க."

"என்ஜின் மட்டும்தானா?"

"அதான் இல்ல." பெரிய சார் கழுத்து நாடாவில் வயிறுவரை தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். "கேட்டுல தேய்க்கிற அட்டை. மூணு வாரத்துல நாலு அட்டை செத்துப்போச்சு. நான் தலைமைப் பொறியாளர், என்னைக் காவலாளி கைப்பிடிச்சு உள்ள கூட்டிட்டு வர்றான். அப்புறம் இந்தக் கைக்கடிகாரம். என் மாமனார் குடுத்தது, சாவி குடுத்து ஓடற பழைய கடிகாரம். முப்பது வருஷம் ஒரு நிமிஷம் தப்பினதில்ல. இப்போ தினமும் கால் மணி நேரம் முன்னாடி ஓடுது. கடைக்கு அனுப்பினா சரியாகி வருது. மறுநாளே பழைய கதை."

"யார் மேல சந்தேகம்?"

பெரிய சார் டிராயரைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து வைத்தார். "சோதனை அறையைப் பார்த்துக்கற பொண்ணு. எல்லாரும் ஊசின்னு கூப்பிடுவாங்க, பேசினா குத்தும். இந்தச் சென்சாருக்கு ஒரு தகடு போட்டே ஆகணும்னு ஆறு மாசமா குறிப்பு மேல குறிப்பு எழுதினா. அத்தனையையும் நான் வேண்டாம்னு அடிச்சுட்டேன். அந்தக் கோவம். ஆறு தடவையும் அந்த அறையில மத்தவங்க மாறி மாறித்தான் இருந்தாங்க. ஒரு தடவைகூட மாறாம இருந்தது அவளும் நானும்தான்."

அண்ணியின் பென்சில் ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

"நாலு மணிக்குக் கார் கம்பெனிக்காரங்க வர்றாங்க" என்றார் பெரிய சார். "அவங்க முன்னாடி என்ஜின் அரை மணி நேரம் நிக்காம ஓடணும். அதனால மூணரைக்கு இந்தக் கடிதத்தை அவ கையில குடுத்து வெளிய அனுப்பிடுவேன். நீங்க ஆதாரத்தை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"மூணரை வரைக்கும் அது டிராயர்லயே இருக்கட்டும்" என்று அண்ணி எழுந்தார். "என்ஜின் எனக்குப் புரியாது. செல்லாத டிக்கெட் புரியும். நான் அட்டையிலேர்ந்து ஆரம்பிக்கறேன். உங்க கடிகாரத்தையும் குடுங்க."

அட்டை வழங்கும் அறை கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னலும் ஒரு மின்விசிறியுமாக இருந்தது. மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, கையில் ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார் அங்கிருந்த அம்மா. பெரிய சாரின் பெயரைக் கேட்டதும் விசிறுவது நின்றது.

"அவருக்கு மறுபடியும் செத்துப்போச்சா?"

"இன்னும் இல்ல. செத்த நாலையும் பார்க்கணும்."

நாலு அட்டையும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு டப்பாவில் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதியிருந்தது. கிளட்ச் வாங்கித் திருப்பிப் பார்த்தான். கீறல்கூட இல்லை.

"யாராவது கம்ப்யூட்டர்ல இவர் அட்டையை நிறுத்தி வச்சிருப்பாங்களோ?" என்று கேட்டார் அண்ணி.

"நிறுத்தி வச்சா கேட்டுல சிவப்பு விளக்கு எரியும். இவருக்கு எந்த விளக்குமே எரியல. பின்பக்கக் கறுப்புக் கோட்டுல எழுதியிருந்தது அத்தனையும் துடைச்ச மாதிரி போயிடுது. அட்டைக்கே தான் யாருன்னு மறந்துபோச்சு."

"எங்க சித்தப்பா இப்படித்தான்" என்றான் கிளட்ச். "ரிட்டையர் ஆன மறுநாள்."

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. "எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா. அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் ஒரே அட்டை."

"வேற யாருக்காவது இப்படி ஆச்சா?"

"ஆயிரத்து நூறு பேர் இருக்காங்க. வேற ஒருத்தருக்கும் இல்ல."

"ஊசிக்கு?"

"அந்தப் பொண்ணுக்கா? சேர்ந்த அன்னிக்குக் குடுத்த அட்டை. ஆறு வருஷமாச்சு. போட்டோவுல இருக்கற தலைமுடியே இப்போ அவகிட்ட இல்ல, வெட்டிட்டா. அட்டை அப்படியே இருக்கு."

அண்ணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். கிளட்ச் கூடவே நடந்தபடி யோசித்தான். யோசித்து முடித்ததும் அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது. "அண்ணி, அந்தப் பொண்ணு பெரிய சார் அட்டையை மட்டும் குறிவச்சு அழிக்கறா. தன்னோடதைப் பத்திரமா வச்சிருக்கா. வழக்கு முடிஞ்சது. சாப்பிடப் போலாம்."

"கழுத்துல தொங்கற அட்டையை, அவருக்குத் தெரியாம, நாலு தடவை எப்படி அழிக்கறா?"

"அதைச் சாப்பிட்டுட்டு யோசிக்கலாம்னுதான் சொன்னேன்."

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடிகாரக் கடை இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஆள் மட்டும் உட்காரும்படி இடம். உட்கார்ந்திருந்தவர் ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் குழாயைச் செருகியிருந்தார். பேசும்போதும் அதை எடுக்கவில்லை. அதனால் வருகிறவர்களின் மூக்கு அவருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்ற கவலை கிளட்சுக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இந்தக் கடிகாரமா? இது நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்றார் கடிகாரக்காரர். "மூணு வாரத்துல மூணு தடவை வந்திருக்கு. டிரைவர் கொண்டாந்து குடுப்பார், வாங்கிட்டுப் போவார். நான் இறக்கி அனுப்பறேன், அவங்க ஏத்திட்டு வர்றாங்க."

"எதை?"

மேஜை ஓரத்தில் கிடந்த சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தார். வடக்கே பார்த்துச் சாதுவாக இருந்த முள் துள்ளித் திரும்பியது.

"காந்தம்மா. உள்ளே தலைமுடி கணக்கா ஒரு சுருள் இருக்கும். காந்தம் ஏறினா வளையத்தோட வளையம் ஒட்டிக்கும். சுருள் குட்டையாகும். சுருள் குட்டையானா கடிகாரம் ஓட்டமா ஓடும். ஒவ்வொரு தடவையும் சீட்டுல எழுதித்தானே அனுப்பினேன்?"

கடிகாரத்தோடு பெரிய சார் கொடுத்திருந்த சீட்டைக் கிளட்ச் பிரித்தான். அதில் 'கா.நீ.' என்று இரண்டே எழுத்து.

"காந்தம் நீக்கியது" என்றார் கடிகாரக்காரர்.

"நான் 'காலம் நீண்டது'ன்னு நினைச்சேன்" என்றான் கிளட்ச். பிறகுதான் விஷயம் உறைத்தது. "அண்ணி, அட்டையில இருக்கற கறுப்புக் கோடும் காந்தத்துல அழியும்ல?"

"அழியும்."

"அப்போ சென்சார்?"

அண்ணி கடிகாரக்காரரிடம் திரும்பினார். "இந்தத் திசைகாட்டியை ரெண்டு மணி நேரம் தர்றீங்களா?"

"ஏம்மா, திசை தெரியலையா?"

"ஆள் தெரியல."

சோதனை அறை இரண்டு பகுதியாக இருந்தது. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர்கள், அந்தப் பக்கம் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் ஏற்றி வைத்த என்ஜின். காரும் இல்லை, சக்கரமும் இல்லை, போக வேண்டிய ஊரும் இல்லை. ஆனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கிளட்சுக்குத் தன் கடைசி இரண்டு வருடங்கள் ஞாபகம் வந்தன.

ஊசி காதுக் கவசத்தைக் கழுத்தில் மாட்டியபடி திரும்பினாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான முடி. தூக்கம் போதாத கண்கள்.

"நீங்கதான் என்னைப் பிடிக்க வந்திருக்கறவங்களா?" என்றாள். "உட்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், பார்த்து."

அண்ணி உட்கார்ந்தார். கிளட்ச் உட்காரவில்லை. அண்ணியின் உள்ளங்கையிலிருந்த திசைகாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஊசியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். முள் வடக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் அவன் மேஜைப்பக்கம் போனான். கீழ் டிராயரில் ஒரு கனமான இரும்புப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்ததும் அவன் இடுப்பு பெல்ட்டின் கொக்கி உள்ளே இருந்த ஏதோ ஒன்றின்மேல் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. அவனும் கூடவே போனான்.

"காந்தம்" என்றான், மேஜையைக் கட்டிப்பிடித்த நிலையில். "அண்ணி, மாட்டிக்கிட்டா."

"மாட்டிக்கிட்டது நீங்க" என்றாள் ஊசி. பக்கவாட்டில் இழுத்து அவனை விடுவித்தாள். "காந்தத்தை வச்சு வேலை செய்யற சென்சார் சார் இது. காந்தம் இல்லாம நான் எதை வச்சு சோதிக்கறது, எலுமிச்சம்பழமா? இந்தப் பெட்டி இந்த மேஜையை விட்டு நகராது. என்ஜின்கிட்டேர்ந்து எட்டடி. எடுத்தா, வச்சா, இந்த நோட்டுல கையெழுத்து."

நோட்டு அண்ணியிடம் போனது. மூன்று வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் யாரும் பெட்டியைத் தொடவில்லை.

"அந்தத் தகடு எதுக்கு?" என்றார் அண்ணி.

எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்த விஷயம் என்பது ஊசியின் முகத்தில் தெரிந்தது. "பல்லை எண்ணும்போது வெளியிலேர்ந்து இன்னொரு காந்தம் பக்கத்துல வந்தா இந்தச் சென்சார் குழம்பும். நடுவுல ஒரு இரும்புத் தகடு வச்சா குழம்பாது. அவ்வளவுதான். எடை கூடும், அளவு கூடும்னு பெரிய சார் அடிச்சுட்டார். கார் என்ஜின்கிட்ட எவன் காந்தத்தைக் கொண்டு வரப்போறான்னு கேட்டார். இந்த ஆறு தடவையும் திரையில கோடு எப்படி விழுந்திருக்குன்னு பாருங்க. வெளிக்காந்தம் வந்தா எப்படி விழுமோ அச்சு அசல் அப்படி. அதைச் சொன்னேன். நீதான் கொண்டு வந்து வச்சிருப்பேன்னார்."

"தேடிப் பார்த்தீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் எல்லாரும் போனப்புறம் மீட்டரை வச்சு மூலை மூலையா தேடினேன். ஒண்ணும் இல்ல. வந்த காந்தம் எங்கயோ போயிடுது."

"காந்தத்துக்குக் கால் முளைச்சிருக்கா?" என்றான் கிளட்ச்.

"டிக்கெட் இல்லாம ஏறின எல்லாருக்கும் கால் உண்டு தம்பி" என்றார் அண்ணி. பிறகு ஊசியிடம், "பெரிய சார் பார்வையிடும்போது எங்க நிப்பார்?"

"உள்ளேயே போயிடுவார். வேகத்தைக் குறைச்சு வைக்கச் சொல்லிட்டு, அதோ அந்தத் தடுப்புக் கம்பியில வயித்தை நல்லா அழுத்திக்கிட்டு நிப்பார். சத்தத்தைக் கேட்டே என்ஜினோட நோயைச் சொல்லிடுவாராம்."

"சென்சார் எங்க இருக்கு?"

"கம்பிக்கு அந்தப் பக்கம். ஒரு சாண்."

அண்ணி ஒரே ஒரு தடவை மூக்கால் சிரித்தார். வீட்டில் பாத்திரம் தேய்ப்பதாகச் சொல்லிவிட்டு அண்ணன் மொட்டை மாடியில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த அன்று சிரித்த அதே சிரிப்பு. கிளட்சுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையை ஆட்டி வைத்தான்.

மூன்று இருபத்தைந்துக்குப் பெரிய சாரின் அறையில் நாலு பேர் இருந்தார்கள். உறை மேஜைமேல் இருந்தது. ஊசி கதவருகே நின்றாள். உறையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"ஆதாரம் கிடைச்சுதா மேடம்?" பெரிய சார் வழக்கம்போல் கைகளை இடுப்பில் ஊன்றி நின்றார்.

"கிடைச்சுது. உங்க அட்டையை அழிச்சதும், கடிகாரத்தை ஓட வச்சதும், என்ஜினை நிறுத்தினதும் ஒரே காந்தம்."

"நான்தான் சொன்னேனே" என்று அவர் ஊசியைப் பார்த்தார்.

"இருங்க." அண்ணி திசைகாட்டியை மேஜை நடுவில் வைத்தார். "யார்கிட்ட இருக்குன்னு இதையே கேப்போம். அம்மா, நீ முதல்ல வா."

ஊசி மேஜைப்பக்கம் வந்தாள். ஒட்டி நின்றாள். முள் அசையவில்லை. போய்க் கதவருகே நின்றுகொண்டாள்.

"தம்பி, நீ."

கிளட்ச் வந்தான். கொக்கியில் மிச்சமிருந்த காந்தத்துக்கு முள் லேசாக மரியாதை செய்தது. அவன் அவசரமாகப் பின்வாங்கினான்.

"சார், நீங்க."

"நானா?" பெரிய சார் சிரித்தபடி இரண்டடி எடுத்து வைத்தார். முள் நடுங்கியது. மூன்றாவது அடியில் வடக்கை விட்டுவிட்டு அவர் வயிற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அவர் இடப்பக்கம் நகர்ந்தார். முள் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் போனார். அதுவும் போனது. மேஜையைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்து பார்த்தார். தாய் பின்னாலேயே ஓடுகிற குழந்தை மாதிரி அதுவும் முழு வட்டம் வந்தது.

"ஆறு தடவையும் அந்த அறையில இருந்தது ரெண்டு பேர்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் அண்ணி. "ஊசியைச் சந்தேகப்பட்டீங்க. இப்போ ஊசி உங்களைச் சந்தேகப்படுது. சட்டைக்குள்ள என்ன சார் கட்டியிருக்கீங்க?"

பெரிய சார் உட்கார்ந்தார். இந்தத் தடவை மூச்சைப் பிடிக்க மறந்து, வலியில் முகத்தைச் சுளித்தார்.

"இடுப்பு வலி" என்றார் மெதுவாக. "மூணு வாரத்துக்கு முன்னாடி பிடிச்சுது. குனிய முடியல. காந்த பெல்ட். என் மனைவி அவ தங்கச்சிகிட்ட ரகசியமா வாங்கிட்டு வந்து கட்டிவிட்டா."

"தலைமைப் பொறியாளர் நீங்க. காந்தம்னு தெரிஞ்சே கட்டிக்கிட்டு சென்சார்கிட்ட போனீங்களா?" என்றான் கிளட்ச். உண்மையிலேயே அவனுக்கு ஆச்சரியம்.

"அதுல காந்தம் இருக்கும்னு நான் நம்பவே இல்லய்யா. அதைச் செஞ்சு விக்கறதே என் சகலைதான். வீட்டுல எந்த விசேஷம் வந்தாலும் நாலு பேர் முன்னாடி அவனை நிக்க வச்சு, இது ஊரை ஏமாத்தற வேலை, உள்ள இருக்கறது கரித்துண்டுன்னு சொல்லிட்டு வர்றேன். பத்து வருஷமா சொல்றேன். இப்போ அதைக் கட்டினதும் வலி வேற குறைஞ்சுபோச்சு. அந்த வெட்கத்தை நான் எங்க போய்ச் சொல்றது?"

"இறுக்கிக் கட்டினதுல குறைஞ்சிருக்கும் சார்" என்றாள் ஊசி கதவருகிலிருந்து. "காந்தத்துல இல்ல."

இந்த அறைக்கு வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். குத்துவதுபோல்தான் வந்தது. ஆனாலும் பெரிய சார் அதற்கு நன்றியோடு தலையாட்டினார்.

போன் அடித்தது. கார் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் முன்கூட்டியே வந்துவிட்டார்கள், சோதனை அறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றது வாசல்.

பெரிய சார் போனை வைத்துவிட்டு உறையைப் பார்த்தார். அண்ணி எதிரில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பெல்ட்டைக் கழட்டி டிராயர்ல வச்சுட்டுப் போனீங்கன்னா அரை மணி நேரம் என்ன, அரை வருஷம் ஓடும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நான் வாயைத் திறக்க மாட்டேன். தம்பி வாயை நான் பார்த்துக்கறேன்."

அவர் யோசித்தார். கிளட்சுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு வருட உழைப்பும் நாற்பது பேர் பெயரும் ஒரு பக்கம். தானே பேனாவால் அடித்த ஒரு தகடு மறுபக்கம்.

"எவன் காந்தத்தைக் கொண்டு வரப்போறான்னு உங்கிட்ட கேட்டேன், இல்ல?" என்றார் ஊசியிடம்.

"ஆமா சார்."

"யார் கொண்டு வருவாங்க?"

"மெக்கானிக் சார். காந்த டார்ச்சை என்ஜின்கிட்ட ஒட்டி வச்சுட்டு மறந்துபோய் மூடியைச் சாத்திடுவான். வண்டி வேகமா போற ரோட்டுல, பின்னாடி லாரி வரும்போது என்ஜின் நிக்கும்."

கிளட்சின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

பெரிய சார் உறையை இரண்டாகக் கிழித்தார், பிறகு நாலாக. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தகடு ஏதாவது மாதிரிக்குச் செஞ்சு வச்சிருக்கியா?"

ஊசி தயங்கினாள். "நீங்க அடிச்ச மறுநாளே செஞ்சுட்டேன் சார். டிராயர்ல இருக்கு."

"எடுத்துக்கோ. வா."

கார் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் ஒரு உயரமான மனிதரும், கையில் குறிப்பேட்டை விடாத ஒரு அம்மாவும். பெரிய சார் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "முதல்ல எங்க சென்சார் எப்படித் தோத்துப்போகும்னு காட்டறேன். என் இடுப்புல ஒரு காந்தம் கட்டியிருக்கேன்" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வரவேற்பை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். கம்பியில் வயிற்றை அழுத்தினார். என்ஜின் இருமியது, உதறியது, நின்றது. உயரமான மனிதர் முகத்தில் இருள் விழுந்தது.

ஊசி உள்ளே போய்ச் சென்சார் மேல் விரல்நீளத் தகடு ஒன்றை மாட்டித் திருகினாள். என்ஜினைக் கிளப்பினார்கள். பெரிய சார் மறுபடி கம்பியில் சாய்ந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். என்ஜின் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. திரும்பி நின்று சாய்ந்தார், பக்கவாட்டில் சாய்ந்தார், கடைசியில் கம்பிமேல் ஏறக்குறையப் படுத்தேவிட்டார். அது ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற கிளட்ச், ஒரு தலைமைப் பொறியாளர் என்ஜினைக் கட்டிப்பிடிப்பதைப் பார்த்தது தன் வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை என்று அண்ணியின் காதில் சொன்னான்.

அரை மணி நேரமும் ஓடியது.

வெளியே வந்த பெரிய சார் ஊசியை முன்னால் நிறுத்தினார். "இந்தக் குறையை ஆறு மாசத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சவங்க இவங்க. அடிச்சது நான். இனி இந்தச் சென்சாருக்கு இவங்கதான் பொறுப்பு."

ஊசி காதுக் கவசத்தை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். கண்களைத் துடைத்ததைக் கிளட்ச் பார்த்தான். அதைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சும் அவனுக்கு வரவில்லை.

குறிப்பேடு வைத்திருந்த அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "என்ஜினை நிறுத்தற அளவுக்கு பலமான காந்தம், அதுவும் மனுஷன் உடம்புல கட்டிக்கற மாதிரி. ரொம்ப நல்ல யோசனை. எந்த லேப்ல செஞ்சீங்க?"

பெரிய சார் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார்.

"லேப் இல்ல" என்றார் பெரிய சார். "சொந்தக்காரர் ஒருத்தர் செய்யறார்."

"எங்க எல்லாச் சோதனைக் கூடத்துக்கும் இதே மாதிரி வேணும். அளவு, பலம் எல்லாம் இதேதான், மாறக் கூடாது. இருபது ஏற்பாடு பண்ண முடியுமா? அவர்கிட்ட இப்பவே கேட்டுச் சொன்னா அறிக்கையில எழுதிடுவேன்."

எல்லோரும் காத்திருந்தார்கள். பெரிய சார் போனை எடுத்தார். எண்ணைத் தேடினார், கண்டுபிடித்தார், அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சகலை, நான்தான் பேசறேன். இல்ல, வீட்டுல எல்லாரும் சௌக்கியம். ஒரு சின்ன விஷயம். நீ முதல்ல உட்காரு."